வெட்டி: காவிரிப் படுகையில் ஒரு சொல்லும் அதன் சுமையும்

இன்றைய பேச்சில் ‘வெட்டி’ என்றால் பயனற்றது. வெட்டிப் பேச்சு, வெட்டிச் செலவு, வெட்டி வேலை என்கிறோம். வேலை கிடைக்காத இளைஞனை ‘வெட்டியாகச் சுற்றுகிறான்’ என்று வீட்டிலேயே ஏசுகிறோம். தஞ்சாவூர்ச் சீமையின் கோயில் சுவர்களிலும் இந்தச் சொல் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே அதற்குச் சோம்பல் என்ற பொருள் இல்லை. அரசுக்கும் ஊருக்கும் கூலியில்லாமல், மறுக்க வழியில்லாமல் செய்துகொடுத்தாக வேண்டிய உழைப்புக்கு அது பெயர்.

கட்டாய உழைப்பைக் குறித்த சொல், அந்த உழைப்பைத் தந்தவர்களைப் பழிக்கும் சொல்லாகத் திரும்பியது எப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் காவிரிப் படுகையின் நெல் யாருடைய முதுகில் விளைந்தது என்ற கணக்கும் சேர்ந்தே வெளிவரும். கொடுமை என்பது சாட்டையிலும் தீயிலும் மட்டும் இருப்பதில்லை. கொடுக்காத கூலியிலும் குறைத்துக் கொடுத்த கூலியிலும் அது இருக்கிறது. அதைத் தனியே பெயரிட்டுச் சொல்ல நம் மொழியில் இருந்த சொல் வெட்டி.

கல்வெட்டில் வெட்டி

சோழர் கல்வெட்டுகளில் வரிகளையும் கடமைகளையும் குறிக்கும் சொற்கள் 400-க்கும் மேல் உள்ளன. நொபொரு கராஷிமாவும் பி. சீதாராமனும் 1972-இல் இந்த வருவாய்ச் சொற்களைத் தொகுத்து, எது எத்தனை முறை வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். அடிக்கடி வருபவை ஒரு கைப்பிடிதான். நிலத்தின் மீதான கடமை, அந்தராயம், அதிகாரிகளுக்குச் சோறளிக்கும் எச்சோறு, குடிமை, முட்டையாள் ஆகியவற்றோடு வெட்டியும் அந்த முன்வரிசையில் நிற்கிறது. கடமை நெல்லாகப் போயிற்று. வேறு சில வரிகள் காசாகப் போயின. வெட்டி உடம்பாகப் போயிற்று.

பெரும்பாலான கல்வெட்டுகளில் இந்தச் சொல் வரும் இடம் கவனிக்கத்தக்கது. ஒரு நிலத்தைக் கோயிலுக்கோ பிராமணர்க்கோ இறையிலியாகக் கொடுக்கும்போது, இந்த நிலத்தின் மேல் இன்னின்ன வரிகள் இல்லை என்று பட்டியலிடுவார்கள். அந்த விலக்குப் பட்டியலில்தான் வெட்டியும் அமஞ்சியும் முட்டையாளும் வரிசையாக வருகின்றன. அமஞ்சியும் முட்டையாளும்கூடக் கூலியில்லா வேலைகள்தான். ‘வெட்டி வேதினை’ என்று இரட்டையாகவும் எழுதியிருக்கிறார்கள். வாங்கியவர்களே அதை வேதனையோடு சேர்த்துப் பார்த்தார்கள் என்று கருத இந்த இணைப்பு இடம் தருகிறது.

விலக்கு பெற்றவர்கள் யார் என்பது கல்லில் இருக்கிறது. வாய்க்கால் தூர் வாருவதும், கரை கட்டுவதும், சுமை தூக்குவதும் விலக்கினால் நின்றுபோகும் வேலைகள் அல்ல. ஒருவர் தோளிலிருந்து இறங்கிய சுமை இன்னொருவர் தோளுக்கு ஏறியாக வேண்டும். தானம் செய்தவர் பெயரும், பெற்றவர் பெயரும், சாட்சிக் கையெழுத்துகளும் சுவரில் இருக்கின்றன. மிச்சச் சுமையைச் சுமந்தவர்களின் பெயர் அங்கே இல்லை.

அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதற்கு மட்டும் தடயம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் விட்ட ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகள், வரி விதிக்க முடியாத நிலங்களைக் கழித்துக் காட்டுகின்றன. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, பறைச்சேரி, சில ஊர்களில் தீண்டாச்சேரி. 1010-ஐ ஒட்டிய காலத்திலேயே படுகையில் சேரி தனியே அளக்கப்பட்டு, தனிப் பெயரோடு கணக்கில் இருந்தது.

முதலாம் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று வரலாறு போற்றுகிறது. சுங்கம் வணிகரைத் தொட்ட வரி. அதைத் தவிர்த்தவனுக்குப் பட்டம் கிடைத்தது. ‘வெட்டி தவிர்த்தவன்’ என்ற பட்டம் எந்தச் சோழனுக்கும் வழங்கவில்லை.

சொல் வந்த வழி

வெட்டி என்பது ‘வெட்டு’ என்ற வினையிலிருந்து வந்தது என்று நினைப்பது இயல்பு. மண்வெட்டி நம் கையில் இருக்கிறது. வெட்டாறு நம் பகுதியில் ஓடுகிறது. குழி வெட்டுவதால் வெட்டியான் என்று ஊரில் சொல்வார்கள். கேட்கப் பொருத்தமாக இருந்தாலும் சான்றுகள் வேறு பக்கம் சாய்கின்றன.

வடமொழியில் கூலியில்லாக் கட்டாய உழைப்புக்கு ‘விஷ்டி’ என்று பெயர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அதை அரசின் வருவாய்களில் ஒன்றாகவே பேசுகிறது. குஜராத்தின் ஜூனாகட் பாறையில் சுமார் கி.பி. 150-இல் ருத்ரதாமன் வெட்டுவித்த கல்வெட்டு உடைந்த சுதர்சன ஏரியைச் செப்பனிட்டதைச் சொல்கிறது. குடிகளை வரியாலும் விஷ்டியாலும் வருத்தாமல், தன் கருவூலப் பணத்தில் அணையைக் கட்டியதாக அந்த மன்னன் பெருமைப்படுகிறான். ஒரு மன்னன் தான் செய்யவில்லை என்று சொல்லிப் பெருமைப்படுகிறான் என்றால், மற்றவர்கள் அதை வழக்கமாகச் செய்தார்கள் என்றே பொருள். வாகாடகர் செப்பேடுகளும் தானம் கொடுத்த ஊர்களுக்கு எல்லா விஷ்டியிலிருந்தும் விலக்கு அளிக்கின்றன. சோழர் கல்வெட்டின் விலக்குப் பட்டியல் இந்த நெடிய மரபின் தொடர்ச்சி.

விஷ்டி பிராகிருத வழியாக ‘வெட்டி’ ஆனது. துஷ்டன் துட்டன் ஆனதும், நஷ்டம் நட்டம் ஆனதும் இதே ஒலிப்பாதைதான். அண்டை மொழிகள் இதை உறுதிப்படுத்துகின்றன. தெலுங்கிலும் ‘வெட்டி’ கூலியில்லா வேலைதான். 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா உழவர் எழுச்சி ‘வெட்டிச் சாக்கிரி’யை எதிர்த்தே எழுந்தது. கன்னடத்தில் முதலெழுத்து பகரமாகி ‘பிட்டி’ என்று நிற்கிறது. அங்கே அதன் இன்றைய பொருள் ‘இலவசம்’. தஞ்சையை 1676 முதல் ஆண்ட மராட்டியரின் மொழியிலும் ‘வேட்பிகார்’ உண்டு. இவற்றில் எதிலும் மண் வெட்டுவது இல்லை. எல்லாவற்றிலும் கூலியில்லாமை இருக்கிறது.

கன்னடமும் தமிழும் பிரிந்த இடத்தைப் பாருங்கள். கன்னடச் சொல்லில் வாங்கியவரின் பார்வை தங்கிவிட்டது. காசு கொடுக்காமல் கிடைத்தது, ஆகவே இலவசம். தமிழ்ச் சொல்லில் முதலில் தங்கியது உழைத்தவரின் பார்வை என்றே எனக்குப் படுகிறது. பகல் முழுதும் மண் சுமந்து மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவருக்கு அந்த வேலை பயனற்றது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும், யாருடைய வயலோ விளையும், அவர் வீட்டு அடுப்பு மட்டும் எரியாது. ‘வெட்டி வேலை’ என்பது அவர் தம் நாளைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு. பிற்காலத்தில் கூலி கொடுக்காத கை மறைந்துபோயிற்று. பயனின்மை மட்டும் சொல்லில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் அது வேலையை விட்டு ஆளின் மேல் ஏறி ‘வெட்டிப்பயல்’ ஆயிற்று.

‘தண்டம்’ என்ற சொல்லும் இதே பாதையில் போனது. அரசன் விதித்த தண்டனைக்கும் அபராதத்துக்கும் அது பெயர். இன்று வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் சோறு தண்டச்சோறு. பிடுங்கப்பட்டவர் மேலேயே பழியைச் சாய்க்கும் பழக்கம் நம் மொழிக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. ‘ஊழியம்’ எதிர்த்திசையில் போயிற்று. திருவிதாங்கூர் ஆட்சியில் ஊழியம் என்றால் ஒடுக்கப்பட்ட சாதியினர் கூலியின்றிச் செய்த அரசுவேலை. இன்றோ அது தேவாலயத்தில் தொண்டு, அலுவலகத்தில் மதிப்பான பணி. ஊழியம் உயர்ந்தது. வெட்டி தாழ்ந்தது.

வரியிலிருந்து பிறப்புக்கு

சோழர் கால வெட்டி, நிலத்தோடும் ஊரோடும் கட்டிய கடமையாகக் கல்வெட்டில் தெரிகிறது. பிற்காலத்தில் அது ஒரு ஆளின் பெயராகவும் ஒரு சாதியின் விதியாகவும் மாறியது. ஆங்கிலேயர் காலத்து வருவாய் ஆவணங்களில் தலையாரியோடு வெட்டியும் கிராமப் பணியாளராக இடம்பெறுகிறார். அவர் வேலைக்கு எல்லை இல்லை. மடை திறக்க வேண்டும், விளைச்சலைக் காக்க வேண்டும், தண்டிய பணத்துக்குத் துணை போக வேண்டும், தமுக்கு அடிக்க வேண்டும், சாவுச் சேதி சொல்லப் பக்கத்து ஊர்களுக்கு நடக்க வேண்டும், சுடுகாட்டில் கட்டை அடுக்கிப் பிணம் வேக விடிய விடிய நிற்க வேண்டும். களத்தில் அறுவடை முடிந்ததும் கிடைக்கும் கொஞ்சம் நெல்தான் அவருக்கு ஊர் கொடுத்த சுதந்திரம். உரிமைப் பங்குக்குச் ‘சுதந்திரம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் வேலையை விட்டுப் போக அவருக்குச் சுதந்திரம் இல்லை.

வரி என்றால் கூட்டலாம், குறைக்கலாம், எதிர்த்துக் கேட்கலாம். 1429-இல் மயிலாடுதுறைப் பக்கத்துக் கொருக்கையில் வலங்கை, இடங்கைச் சாதியார் ஒன்றுகூடி, அதிகாரிகளின் கொடுமை தாங்காமல், தாங்கள் எவ்வளவு வரி கொடுப்போம் என்று தாங்களே முடிவு செய்து கல்லில் வெட்டினார்கள். விசயநகர ஆட்சியை எதிர்த்து எழுந்த அந்தக் குரல் தமிழக வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. பிறப்போடு கட்டிய கடமைக்கு இப்படிப் பேரம் பேசும் வாசல்கூட இல்லை. வெட்டி சாதியாக இறுகியபோது நேர்ந்த பெரும் கேடு இதுதான்.

ஆற்றங்கரையும் சட்டமும்

தஞ்சாவூர் 1799-இல் கும்பினி ஆட்சிக்குள் வந்தது. காவிரியின் பாசனம் அதன் வருவாய்க்கு உயிர்நாடி. கரை உடைந்தால் கிஸ்தி போயிற்று. ஆகவே 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. அதற்கு இரண்டு கைகள். வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து ஊரார் உடனே வேலைக்கு வந்தாக வேண்டும் என்பது ஒன்று. ஊர் வழக்கப்படி எல்லாரும் கூடிச் செய்யும் பாசன வேலைக்கு வராதவர், தம் உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்பது மற்றொன்று. குடிமராமத்து என்று நாம் இன்று பெருமையோடு நினைக்கும் வழக்கத்தைச் சட்டத்தின் கோல் கொண்டு காத்த ஏற்பாடு இது.

குடிமராமத்தில் நல்லது இருந்தது. ஆற்றில் தண்ணீர் வரும் முன் ஊர் கூடி வாய்க்காலைத் தூர் வாருவதால் கடைமடை வரை நீர் போயிற்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘ஊர் கூடி’ என்பதில் யார் இறங்கினார், யார் கரையில் நின்றார் என்று கேட்டாக வேண்டும். வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்த மிராசுதார் தம் பங்குக்கு ஆள் அனுப்பினார். ஒரு வேலி என்பது 6⅔ ஏக்கர். அவர் அனுப்பிய ஆள் அவருடைய பண்ணையாள். வாய்க்காலில் முழங்கால் சேற்றில் நின்று மண்ணை வெட்டித் தட்டுக்கூடையில் நிரப்பியது அந்த ஆண். அதைத் தலையில் ஏற்றிக் கரையில் கொட்டியது அவர் மனைவி. வாய்க்கால் பாய்ந்த நிலத்தில் அவர்களுக்கு ஒரு குழிகூடச் சொந்தமில்லை. பாசனத்தின் பலன் நிலத்துக்குப் போயிற்று. பாசனத்தின் உழைப்பு நிலமற்றவரிடமிருந்து வந்தது. கூட்டுக் கடமை என்ற அழகான பெயருக்குள் வெட்டி ஒளிந்திருந்த இடம் இது.

பண்ணை

1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று சொன்னது. தஞ்சையில் அடிமை என்ற பெயர் போய்ப் பண்ணையாள் என்ற பெயர் நின்றது. கட்டு மட்டும் அறுபடவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் ஆளைப் பண்ணையில் கட்டியது. அவர் மனைவி மாட்டுத் தொழுவம் கூட்டிச் சாணி அள்ளினார். மகன் மாடு மேய்த்தான். இந்த வேலைகளில் பலவற்றுக்குத் தனிக் கூலி கிடையாது. கடன் தலைமுறை தாண்டியது. நாகப்பட்டினத் துறைமுகத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் போனவர்களில் பலர் இந்தக் கட்டை அறுக்கவே போனார்கள். ரப்பர்த் தோட்டத்தின் கொடுமை தெரிந்தும் போனார்கள். அங்கே கூலி என்று ஒன்று காசாகக் கையில் வந்தது.

பண்ணையில் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. களத்துமேட்டில் மரக்கால்தான் எல்லாம். பண்ணையில் நெல்லை அளந்து வாங்க ஒரு மரக்காலும், ஆளுக்கு அளந்து போட அதைவிடச் சிறிய மரக்காலும் இருந்தன. அளக்கும் கை நெல்லைக் குவித்து அளப்பதும் தலைதட்டி அளப்பதும் ஆளைப் பொறுத்தது. நல்ல நெல் பத்தாயத்துக்குப் போனபின் மிஞ்சிய கருக்காயும் பதரும் கூலியில் கலந்தன. அதனால்தான் விவசாயிகள் சங்கம் எழுந்தபோது முத்திரை மரக்கால் வேண்டும் என்று கேட்டது. கேட்டவர்களுக்கு அந்த மரக்காலின் அடியில் எவ்வளவு திருட்டு இருந்தது என்று தெரியும்.

எதிர்த்துப் பேசினால் சவுக்கடி. சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்கும் தண்டனைக்குச் சாணிப்பால் என்று பெயர். இந்தக் கொடுமைகளுக்கு எதிராகப் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்ட 1943-இல் பி. சீனிவாசராவ் படுகைக்கு வந்தார். பிறப்பால் கன்னட நாட்டவர், வாழ்நாளின் பிற்பகுதியைத் தஞ்சை உழவுத் தொழிலாளருக்குக் கொடுத்தவர். மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் தொடங்கிய சங்கம் ஊர் ஊராகப் பரவியது. மணலூர் மணியம்மை, களப்பால் குப்பு போன்றவர்கள் அந்த இயக்கத்தின் தூண்கள். 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்தியது. ஒரு தண்டனையை நிறுத்துவதாக எழுதி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது என்றால், அதுவரை அது எவ்வளவு சாதாரணமாக நடந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

1948-இல் மாயவரம் ஒப்பந்தம் கூலியைப் பேசியது. 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரே ஊரில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களுக்கே அது பொருந்தியது. காரணமின்றிப் பண்ணையாளை நீக்கக் கூடாது என்றது. பலனும் கிடைத்தது, எதிர்வினையும் கிடைத்தது. பண்ணையாளுக்குப் பாதுகாப்பு வந்ததும் பல மிராசுதார்கள் பண்ணையாள் வைப்பதையே விட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள்.

அந்தத் தினக்கூலியில் கொஞ்சம் கூட்டிக் கேட்டதுதான் கீழ்வெண்மணி என்ற படுகை ஊரின் உழவுத் தொழிலாளர் செய்த குற்றம். 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1970-இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. படுகையின் உழவுத் தொழிலாளர்க்கு நியாயக் கூலி நிர்ணயித்த சட்டம் 1969-இல் வந்தது. 44 உயிர்களுக்குப் பிறகுதான் அது வந்தது என்பதை மறக்கக் கூடாது.

சட்டம் வைத்த எல்லை

இந்திய அரசமைப்பின் 23-ஆம் பிரிவு ஆள் வணிகத்தையும் ‘பேகார்’ என்ற கூலியில்லா உழைப்பையும் பிற கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. பேகார் பாரசீகச் சொல். நம் கல்வெட்டுச் சொல்லில் சொன்னால், 1950-இல் இந்த நாடு வெட்டியைச் சட்டவிரோதமாக்கியது. 1930-இன் பன்னாட்டுக் கட்டாய உழைப்பு உடன்படிக்கையை இந்தியா 1954-இல் ஏற்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது.

இவற்றைவிட ஆழமாகச் சென்றது 1982-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் வழக்குப் போட்டது. நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு, ஒருவரைக் கட்டாயப்படுத்தச் சாட்டையோ சட்டமோதான் வேண்டும் என்பதில்லை என்றது. பசியும் வறுமையும் கூடக் கட்டாயம்தான். சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு, 23-ஆம் பிரிவின்படி கட்டாய உழைப்பே. களத்துமேட்டில் சின்ன மரக்காலைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்ணுக்கு என்றோ தெரிந்த உண்மையை உச்ச நீதிமன்றம் சட்டமாகச் சொன்னது.

இன்றைக்கு

இன்றைய படுகையில் பண்ணையாள் இல்லை. நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வந்துவிட்டன. கடன் மட்டும் ஆளைப் பிடிக்கும் கயிறாக இன்னும் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின், சில ஆயிரங்களுக்காகச் சிறுவர்களை ஆட்டுக் கிடைக்கு விட்ட செய்திகள் இதே மாவட்டங்களிலிருந்து வந்தன. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு அடைபட்டவர்களை அதிகாரிகள் மீட்பதும் ஓய்ந்த செய்தி அல்ல. சுடுகாட்டில் பிணம் எரிக்கிறவரை ஊருக்கு ஊர் இன்றும் ‘வெட்டியான்’ என்றே கூப்பிடுகிறார்கள். சாவு வீட்டார் கையில் கொடுப்பதை வாங்கிக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். மாதச் சம்பளம் இல்லாத அவர் வேலை, கல்வெட்டு வெட்டியிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது?

ஊராட்சிகள் செய்ய வேண்டியது தெளிவானது. மயானப் பணியாளரைப் பணியாளராகப் பதிந்து, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத சம்பளம் கொடுக்க வேண்டும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முன்பணம் என்ற பெயரில் ஆளைக் கட்டிவைக்கும் தொழில்களில் தொழிலாளர் துறை புகார் வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஊராட்சி எடுத்துச் செய்யும் தூர்வாரலிலும், நூறு நாள் வேலையிலும், நடவிலும் அறுப்பிலும் அரசு அறிவித்த கூலி முழுதாகக் கைக்கு வந்ததா என்று கிராமசபையில் எழுந்து கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. கேளுங்கள். உழைத்தவருக்கு உரிய கூலி போய்ச் சேராத இடத்தில் நடப்பது வெட்டி. அந்தப் பழி உழைத்தவருக்கு உரியதல்ல, கூலியைப் பிடித்துவைத்தவருக்கே உரியது.